வியாசர் குகைக்குத் தனியே ஒரு பயணம்

திருமங்கையாழ்வார் பதரிநாதனைப் பாடத் தொடங்கும்போது முதுமையைத்தான் முதலில் சொல்கிறார். பெரிய திருமொழியில் அத்தலத்திற்கு அவர் அருளிய இரண்டு பதிகங்களுள் முதலாவதை ஓதியவர்கள் இதை அறிவார்கள். கோலூன்றி நடப்பது, முதுகு கூனுவது, இருமி இளைப்பது, கண் சுழல்வது, இளையவர்கள் பார்த்துச் சிரிப்பது என்று கிழப்பருவத்தின் அவதிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, அந்நிலை வந்து சேருமுன்பே பதரியை வணங்கிவிடுவோம் என்று நெஞ்சை அழைக்கிறார். முப்பது வயதில் அப்பாசுரங்களைப் படித்தபோது ஆழ்வாரின் சொல்வளம் மட்டுமே எனக்குத் தெரிந்தது. 67 வயதில் படித்தால் கை தானாகவே நாட்காட்டியைத் தேடுகிறது.

வாசகர்களில் பலர் பத்ரிநாத்துக்குப் போய் வந்திருப்பீர்கள். பெரும்பாலும் குழுவாகத்தான் போயிருப்பீர்கள். நானும் என் மனைவியும் இருமுறை அவ்வாறு சென்றோம். பெருமாள் சேவை நன்றாகவே கிடைத்தது. ஆனால் கோயிலுக்கு மூன்று கிலோமீட்டர் வடக்கே உள்ள மாணா என்ற மலைக்கிராமத்திற்குக் குழுக்கள் ஒதுக்கும் நேரம் அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி. நாற்பது பேரும் அதற்குள் வண்டிக்குத் திரும்பியாக வேண்டும். வியாசர் மகாபாரதத்தைச் சொல்லச் சொல்ல விநாயகர் எழுதிய இடம் என்று நம்பப்படும் குகைகள் அங்கே இருக்கின்றன. வடநாட்டில் மறைந்தோடுவதாகச் சொல்லப்படும் சரஸ்வதி கண்ணுக்குத் தெரியும்படி பாய்வதும் அங்கேதான். இவ்வளவையும் அரை மணியில் பார்ப்பது, பாகவத சப்தாகத்தை ஒரு மாலையில் முடிப்பது போன்றது.

ஆகவே சென்ற புரட்டாசித் தொடக்கத்தில் மாணாவுக்கென்றே ஒரு பயணம் மேற்கொண்டேன். ரிஷிகேசத்திலிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்பி வர ஆறு நாட்கள். தனியே போனேன். அதற்குக் காரணம் உண்டு. என் மனைவிக்கு இரண்டு முழங்கால்களிலும் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. வீட்டிற்குள்ளும் தெருக்கோயில் வரையிலும் நடப்பாள். மலைப்படிகள் இனி அவளுக்கு இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவள்தான் என்னை அனுப்பினாள். "போன தடவை வியாசர் குகையில் ஒரு சுலோகம் சொல்லுவதற்குள் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். நீங்கள் போய் அங்கே உட்கார்ந்து ஸஹஸ்ரநாமம் முழுவதையும் சொல்லிவிட்டு வாருங்கள்" என்றாள். வெளியூரில் இருக்கும் மகன் தொலைபேசியில், "இந்த வயதில் அப்பா தனியாகவா?" என்று பதறினான். "வயதாகிவிட்டது என்பதால்தான் இப்போதே போகிறார்" என்று அவளே பதில் சொன்னாள். ஆழ்வாரின் பதிகத்திற்கு இதைவிடச் சுருக்கமான உரையை நான் கேட்டதில்லை.

தனியே போவது என்றால் எண்ணியவுடன் கிளம்பிவிடுவது அன்று. இதய மருத்துவரிடம் காட்டி, எக்கோ எடுத்து, அவர் சரி என்ற பிறகே பயணச்சீட்டு எடுத்தேன். உத்தராகண்ட அரசின் யாத்திரைப் பதிவு கட்டாயம். அதையும் முன்பே செய்து முடித்தேன். பெயர், இரத்த வகை, உட்கொள்ளும் மாத்திரைகள், வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றை இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மாலை ஏழு மணிக்கு வீட்டுக்குப் பேசுவது என்று ஏற்பாடு. சிக்னல் இல்லாவிட்டால் மறுநாள் காலை எட்டு மணி வரை யாரும் கவலைப்படக் கூடாது என்பதும் அந்த ஏற்பாட்டில் அடக்கம். வங்கிப் பணியில் மூன்றாண்டுகள் கான்பூரில் இருந்ததால் இந்தி ஓரளவு வரும். அது பெரிய துணை.

ரிஷிகேசத்திலிருந்து பத்ரிநாத் ஏறத்தாழ 295 கிலோமீட்டர். அந்த ஒரே சாலையில் மூன்று திவ்ய தேசங்களைச் சேவிக்கலாம் என்பது நம்மவர் பலருக்குத் தெரிவதில்லை. முதலாவது தேவப்பிரயாகை. பாகீரதியும் அலகநந்தாவும் கூடிக் கங்கை என்று பெயர் பெறும் இடம். பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் இதுவே. இரண்டாவது ஜோஷிமட். திருமங்கையாழ்வாரின் திருப்பிரிதி இவ்வூர் என்று கொள்வோர் உண்டு. மூன்றாவது பதரி. குழு வண்டிகள் பல ஒரே மூச்சில் மேலே ஏறிவிடுகின்றன. தனியே போகிறவன் பகிர்வு ஜீப்பிலிருந்து விரும்பிய இடத்தில் இறங்கலாம். தேவப்பிரயாகையில் இரண்டு மணி நேரம் இருந்தேன். பிறகு வழியில் ஒரு மண்சரிவு. சாலை திறக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. ஜீப்பில் இருந்த கடுவாலி இளைஞர்கள் வெள்ளரிக்காய் நறுக்கி உப்புத் தடவி எனக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள்.

ஜோஷிமட்டில் ஓரிரவு தங்குவதை நான் மிகவும் வலியுறுத்துவேன். அவ்வூர் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம்; பத்ரிநாத் 3,100 மீட்டருக்கு மேல். இடையில் ஓரிரவு இருந்தால் உடம்பு பழகுகிறது. மாணாவின் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைப்போல் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு அந்த அளவுக்குக் குறைவு. ஜோஷிமட்டின் நரசிங்கப் பெருமாள் சிறிய திருமேனி. அவருடைய கையின் மணிக்கட்டு நாளுக்கு நாள் மெலிந்து வருகிறது என்றும், அது ஒடியும் நாளில் நர நாராயண மலைகள் ஒன்றுசேர்ந்து பத்ரிக்கு வழி அடைபடும் என்றும் அங்கே ஒரு நம்பிக்கை. 2023 ஜனவரியில் இவ்வூர் நிலம் அமிழ்ந்து வீடுகள் பல விரிசல் கண்டதை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். தங்கியிருந்த விடுதிக்கு எதிரே பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதன் வாசலிலும் யாரோ விளக்கேற்றி வைத்திருந்தார்கள்.

பத்ரிநாத்தில் சேவையைப் பற்றி இங்கு விரித்து எழுதப் போவதில்லை. தப்தகுண்டத்து வெந்நீரில் நீராடி, துளசிமாலை வாங்கிக்கொண்டு, விடியலில் பெருமாளைச் சேவித்தேன். கேரளத்து நம்பூதிரி மரபிலிருந்து வரும் ராவல் பூசை செய்தார். அன்று முழுவதும் ஓய்வு. மறுநாள் காலை மாணாவுக்குப் புறப்பட்டேன்.

வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு வளைவு. இந்தியாவின் கடைசிக் கிராமம் என்று முன்பு எழுதியிருந்தார்கள்; 2023ஆம் ஆண்டிலிருந்து முதல் கிராமம் என்று பலகை மாறியிருக்கிறது. திபெத்திலிருந்து பார்த்தால் முதல், நம் பக்கத்திலிருந்து பார்த்தால் கடைசி. ஊர்க்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் போலும். வளைவைத் தாண்டினால் கல் பாவிய குறுகிய தெரு மேலேறுகிறது. இருபுறமும் கல்லும் மரமும் கொண்டு கட்டிய தாழ்ந்த வீடுகள். வாசல்தோறும் பெண்கள் கம்பளி பின்னிக்கொண்டிருக்கிறார்கள். நடந்துகொண்டே பின்னுகிறவர்களும் உண்டு. சரிவுகளில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும். மேற்கே தலையைத் திருப்பினால் பனி மூடிய நீலகண்ட மலை.

கூடை சுமக்கும் இளைஞன் ஒருவன் என்னைப் பார்த்ததும், "ஏறி உட்காருங்கள், பாபுஜி" என்று முதுகைத் திருப்பினான். முதியவர்களைக் கூடையில் அமர்த்தி முதுகில் சுமந்து செல்வது அவன் தொழில். எனக்குக் கால்கள் இருந்தன. ஆனால் பையைச் சுமக்கவும், இருபது படிக்கொருமுறை நான் நிற்கும்போது உடன் நிற்கவும் அவனையே அமர்த்திக்கொண்டேன். தனியே போகும் முதியவர்களுக்கு இதை ஒரு விதியாகவே சொல்லலாம். துணை வேண்டிய இடத்தில் கூலி கொடுத்துத் துணை வைத்துக்கொள்வதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. அவனுக்கும் அது ஆறு மாதப் பிழைப்பு.

முதலில் வருவது விநாயகர் குகை. அதற்கு மேலே வியாசர் குகை. அதன் உச்சிப் பாறை ஏடு ஏடாக அடுக்கியதுபோல் இருக்கிறது. அதனை வியாசரின் புத்தகம் என்கிறார்கள். பாறை அடுக்குகளுக்குப் புவியியல் காரணம் இருக்கும். இருந்தாலும், ஓலைச்சுவடிக் கட்டைப் பார்த்திருக்கும் எவருக்கும் அதைக் கண்டவுடன் கை கூப்பத் தோன்றும்.

உள்ளே குனிந்துதான் போக வேண்டும். வியாசரின் திருவுருவம், ஒரு விளக்கு, ஒரு கம்பளி விரிப்பு. மணி பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது. வீட்டில் என் மனைவியும் அதே பத்து மணிக்கு ஸஹஸ்ரநாமம் தொடங்குவது என்று பேசி வைத்திருந்தோம். விஷ்ணு ஸஹஸ்ரநாமம் மகாபாரதத்தின் அனுசாசன பருவத்தில் இருக்கிறது. அம்புப் படுக்கையில் கிடந்து பீஷ்மர் தருமபுத்திரருக்குச் சொன்னது. வியாசர் வாக்கிலிருந்து அது ஏட்டில் ஏறிய இடம் இதுவென்றால், இங்கே உட்கார்ந்து சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

பத்து மணிக்குத் தொடங்கினேன். வீட்டில் அரை மணியில் முடிந்துவிடும் பாராயணம். அங்கே நான்கு நாமம் சொன்னால் ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. இடையே இரண்டு குழுக்கள் வந்து போயின. அவர்களுடைய வழிகாட்டி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவதை ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒரு மராத்திய மூதாட்டி மட்டும் போகாமல் நின்று, தெரிந்த இடங்களில் என்னுடன் சேர்ந்து சொன்னார். பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகே எழுந்து போனார். பலசுருதி முடிந்தபோது மணி பத்து ஐம்பது. என் மனைவி எனக்கு முன்பே முடித்திருப்பாள். அவள் சொல்லும் வேகத்திற்கு என்னால் சமவெளியிலேயே ஈடுகொடுக்க முடியாது. பூசகர் பிரசாதம் கொடுத்து, "தெற்கிலிருந்து வந்தீர்களா? உச்சரிப்பில் தெரிகிறது" என்றார். பிரசாதத்தை இரண்டு பங்காகக் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தார்.

அங்கிருந்து கீழிறங்கிச் சற்று நடந்தால் பீமன் பாலம். பாண்டவர்கள் சுவர்க்காரோகணம் போனபோது திரௌபதி ஆற்றைக் கடக்கும் பொருட்டுப் பீமசேனன் எடுத்துப் போட்ட பாறை என்பது கதை. ஒற்றைப் பெரும்பாறை பாலமாகக் கிடக்கிறது. அதன் கீழே, பாறைப் பிளவிலிருந்து பீறிட்டு வருகிறாள் சரஸ்வதி. எழுத உட்கார்ந்த விநாயகர் இரைச்சல் பொறாமல், இனி உன்னை யாரும் காணாதிருக்கட்டும் என்று சபித்தாராம். அந்த இரைச்சலைக் கேட்ட பிறகு விநாயகர் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழவில்லை. சற்றுத் தொலைவிலேயே கேசவப் பிரயாகையில் அவள் அலகநந்தாவுடன் கலந்து பெயரை இழக்கிறாள். ஒரு சிறு செம்பில் தீர்த்தம் எடுத்துக்கொண்டேன். இதற்கப்பால் வசுதாரை அருவிக்கு ஐந்து கிலோமீட்டர் நடை. இளையவர்கள் போகட்டும்.

அன்றிரவு மாணாவிலேயே தங்கினேன். வீட்டில் ஓர் அறையை யாத்திரிகர்களுக்கு விடுகிறார்கள். வீட்டு அம்மையாருக்கு எழுபதுக்கு மேல் வயது. தலையில் துணி கட்டி, அடுப்பருகே அமர்ந்து கம்பளி நூற்றுக்கொண்டிருந்தார். "தனியாகவா வந்தீர்கள், பாபுஜி? வீட்டில் மாதாஜி இல்லையா?" என்று கேட்டார். முழங்கால் செய்தியைச் சொன்னேன். தம் முழங்காலைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். "இதுவும் அப்படித்தான். ஐப்பசியில் இறங்குவேன், சித்திரையில் ஏறுவேன். ஒவ்வொரு வருடமும் ஏறும்போது இதுதான் கடைசி என்று நினைக்கிறேன்."

மாணாவின் வாழ்க்கை இப்படி இரண்டாகப் பிளந்தது. கோயில் நடை சாத்தும் காலத்தில் ஊரே வீடுகளைப் பூட்டிக்கொண்டு கோபேசுவரம் முதலிய தாழ்ந்த ஊர்களுக்கு இறங்கிவிடுகிறது. பனிக்காலத்தில் ஊரார் இங்கே வாழ்வதில்லை. அந்த ஆறு மாதம் நாரதர் பெருமாளுக்குப் பூசை செய்கிறார் என்பது மரபு. பனி எத்தகையது என்பதற்கு ஒரு செய்தி போதும். 2025 பிப்ரவரி 28 அன்று மாணாவுக்கு அருகே சாலைப் பணியாளர் முகாமின்மேல் பனிச்சரிவு விழுந்து 54 பேர் சிக்கினார்கள். இராணுவத்தினரும் மற்றவர்களும் 46 பேரை மீட்டார்கள். எட்டுப் பேர் மாண்டார்கள்.

இவ்வூரார் போட்டியா மக்கள். 1962 போர் வரை மாணா கணவாய் வழியாகத் திபெத்தோடு வாணிகம் செய்தவர்கள். ஆட்டின் முதுகில் சிறு சிறு பைகளாக உப்பைக் கட்டிக் கொண்டு வருவார்களாம். தம் தந்தை அப்படிப் போய் வந்ததை அந்த அம்மையார் நினைவுகூர்ந்தார். எல்லை அடைபட்டபின் கம்பளியும் கிழங்கும், இப்போது யாத்திரிகர்களும்தான் வரும்படி.

நான் வங்கியில் இருந்தவன் என்று தெரிந்ததும், பெட்டியிலிருந்து ஒரு பாஸ்புக்கை எடுத்து வந்தார். துணியில் சுற்றி, சுவாமி படத்தின் பின்னால் வைக்கும் பொருளைப்போல் பாதுகாத்திருந்தார். விதவை உதவித்தொகை இரண்டு மாதமாக வந்ததா என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். பேரன் எல்லாவற்றையும் செல்போனில் பார்க்கிறான், அவளுக்கு அது விளங்கவில்லை, தாளில் ஒருவர் படித்துச் சொன்னால்தான் நம்பிக்கை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். ஒரு மாதத் தொகை வந்திருந்தது. அதற்குப் பிறகு புத்தகத்தில் பதிவே போடவில்லை. வங்கிக்கு எடுத்துப்போய்ப் பதிவு போட்டால்தான் தெரியும் என்று விளக்கி, கேட்க வேண்டியதை ஒரு தாளில் இந்தியில் எழுதிக் கொடுத்தேன். பணி ஓய்வு பெற்று ஏழாண்டுகளுக்குப் பிறகு, 3,200 மீட்டர் உயரத்தில், அடுப்பு வெளிச்சத்தில் மீண்டும் கவுண்டரில் உட்கார்ந்தது போலிருந்தது. குழுவோடு வந்திருந்தால் இந்த அம்மையாரிடம் ஒரு தொப்பிக்கு விலை பேசிவிட்டுப் போயிருப்பேன்.

இரவு உறக்கம் சரியாக வரவில்லை. அந்த உயரத்தில் அது இயல்பு. இரண்டு மணிக்கு விழித்தபோது மூச்சு சற்றே ஆழமாக வேண்டியிருந்தது. எழுந்து உட்கார்ந்ததும் சமனாயிற்று. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தாலோ, மாத்திரைக்கும் அடங்காத தலைவலி இருந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சுத் தடுமாறினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஒருவரை எழுப்பிக் கீழே இறங்க ஏற்பாடு செய்ய வேண்டும். தனியே படுத்திருப்பவர் அறைக்கதவை உள்ளே தாழிடாமல், வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் படுப்பது நல்லது. நான் அப்படித்தான் செய்தேன். இதய நோய், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவர் இசைவின்றித் தனியே போகவே வேண்டாம். தேவப்பிரயாகையும் ஜோஷிமட்டும் சேவித்துத் திரும்பினாலும் இரண்டு திவ்ய தேசம்.

போகிறவர்கள் மழை ஓய்ந்தபின் புரட்டாசியில் போவது உத்தமம். வைகாசியிலும் ஆனியிலும் கூட்டம் மிகுதி. ஆடி, ஆவணியில் மண்சரிவு அச்சம். வாமன துவாதசியை ஒட்டிப் போனால், பத்ரிநாத்திலிருந்து உற்சவர் மாணாவுக்கு எதிர்க்கரையில் உள்ள மாதாமூர்த்தி கோயிலுக்கு எழுந்தருளுவதைக் காணலாம். நர நாராயணர்களின் அன்னையை அவர்கள் வந்து பார்க்கும் நாள் அது. கம்பளிக் காலுறை இரண்டு, பிடிக்கோல் ஒன்று, ஒரு வாரத்திற்கு அதிகமாகவே மாத்திரைகள் இருக்கட்டும். பத்ரிநாத்தில் அசைவமும் மதுவும் கிடையாது; நம்மவர்க்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை.

மறுநாள் காலை கிளம்பும்போது வீட்டு வாசலில் அந்த அம்மையாரின் பேத்தி தக்ளியில் கம்பளி நூற்றுக்கொண்டிருந்தாள். பதினாறு வயது இருக்கும். கார்த்திகையை ஒட்டி நடை சாத்துமுன், ராவல் பெண் வேடம் பூண்டு, தாயாருக்குத் தோழியாக நின்று, மகாலட்சுமியைப் பெருமாளின் கருவறைக்கு எழுந்தருளச் செய்வார். அதன்பின் பெருமாளுக்கு நெய் தோய்த்த ஒரு கம்பளம் போர்த்தப்படும். அதை மாணாவின் மணமாகாத பெண்கள் ஒரே நாளில் நெய்து தருகிறார்கள். இந்த ஆண்டு முதன்முறையாக அவளும் அதில் அமரப் போகிறாளாம். "என் பாட்டியும் நெய்தார்" என்று சொல்லி, திரிந்த நூலை என்னிடம் நீட்டிக் காட்டினாள். மெல்லிய, சற்றே முறுக்கு ஏறிய நூல். பனிக்காலம் முடிந்து நடை திறக்கும் நாளில் அந்தக் கம்பளத்தின் இழைகளைப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள்.